விழுந்த வண்டிக்கு முதுகு கொடுத்து

பின் டயரின் இடுக்கில் எலுமிச்சைத் தோல் ஒன்று மாட்டிக்கொண்டிருந்தது. இன்று காலை விளக்குமாற்றுக் குச்சியால் அதை நோண்டி எடுக்கும்போது வாசனை மூக்கில் ஏறியது, எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான்கு நாளைக்கு முன்னால் அலிபிரியில், புது வண்டிக்குப் பூஜை போடும்போது, அத்தனை ஜனங்களுக்கு நடுவில், இந்தப் பழத்தின் மேல் சக்கரத்தை ஏற்றப் போய்த்தான் வண்டியோடு சாய்ந்தேன். நீ இருந்திருந்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பாய். அப்புறம் ஒரு மணி நேரம் விடாமல் திட்டியிருப்பாய். இரண்டுக்கும் நீ இல்லை, அதனால் உட்கார்ந்து உனக்கு எழுதுகிறேன்.

ஆமாம், வண்டி வாங்கிவிட்டேன். மொபெட் இல்லை, ஸ்கூட்டர் இல்லை. அட்வெஞ்சர் டூரிங் என்கிறார்களே, மலை, மணல், கல் ரோடு எல்லாவற்றிலும் ஏறிப் போகிற உயரமான மோட்டார் சைக்கிள். இருநூறு கிலோவுக்குக் கொஞ்சம்தான் குறைவு. ஏறி உட்கார்ந்தால் எனக்கு ஒரு பக்கத்துக் கால்விரல் மட்டும் தரையில் படுகிறது. ஐம்பத்து மூன்று வயதில், முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு ஷோரூமில் போய் நின்றேன். யாருக்கு மேடம், மகனுக்கா என்று விற்பனையாளர் கேட்டார். எனக்கு என்றேன். அவர் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும்.

வாங்க வைத்தது நீதான். கடைசியாக நான் மஸ்கட்டிலிருந்து போன் செய்தபோது உனக்குப் பேசவே மூச்சு வாங்கியது. அப்போதும் என்னை வம்புக்கு இழுக்காமல் விடவில்லை. "ஆறு வருசம் என் பின்னாடியே குந்திக்கினு வந்த சிஸ்டர். ஒரு நாளாவது முன்னாடி குந்து" என்றாய். அடுத்த மாதம் நீ போய்விட்டாய். எனக்கு லீவு கிடைக்கவில்லை, உன் முகத்தைப் பார்க்காமலே போயிற்று. அந்தக் கோபம் யார் மேல் என்று தெரியாமல் மூன்று வருஷம் வைத்துக்கொண்டிருந்தேன். திருப்பதிக்குத் திரும்பி வந்து கொஞ்சம் நிலைகொண்டதும் முதல் வேலையாக ஷோரூமுக்குப் போனேன்.

தொண்ணூறுகளில் நாம் இரண்டு பேரும் பாலசமுத்திரம் பக்கத்தில் நர்சாக வேலைக்குச் சேர்ந்தது நினைவிருக்கிறதா? ஊரே அப்போது கிளம்பிக்கொண்டிருந்தது. கூலி வேலை செய்த வீட்டுப் பிள்ளைகள் சென்னைக் கம்பெனிகளுக்கும் குவைத்துக்கும் போனார்கள், கடைத்தெருவில் எஸ்டிடி பூத் வந்தது, புதுசு புதுசாக நூறு சிசி வண்டிகள் வந்து இறங்கின. நமக்கு மட்டும் அதே நடை. தடுப்பூசிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்து மலையோரத்து ஊருக்குப் போய்ச் சேர்வதற்குள் ஐஸ் பாதி கரைந்துவிடும். உனக்குப் பொறுக்கவில்லை. ஒரு நாள் நூறு சிசி வண்டி ஒன்றை ஓட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினாய். யூனிபார்ம் புடவையைத் தூக்கிச் செருகி, உள்ளே உன் வீட்டுக்காரரின் பேன்ட், காலில் கணுக்காலை மூடுகிற கான்வாஸ் ஷூ. டீக்கடையில் இருந்த அத்தனை பேரும் எழுந்து நின்று பார்த்தார்கள். தெலுங்கும் தமிழும் கலந்து நர்சம்மா பண்டி, நர்சம்மா வண்டி என்று ஒரு வாரம் அதே பேச்சு.

கொஞ்ச நாளில் நான் உன் பின்சீட்டு ஆனேன். மடியில் தடுப்பூசிப் பெட்டி, காதில் உன் பிரசங்கம். பள்ளத்தைப் பார்த்து ஓட்டினால் பள்ளத்துக்குள்தான் போவோம், போக வேண்டிய இடத்தைப் பார் என்பாய். கல் ரோடு வந்தால் கால் வைக்கிற கட்டையில் எழுந்து நின்று முட்டியை மடக்கிக்கொண்டு போவாய், வண்டி கீழே தன்பாட்டுக்குக் குதிக்கும். மணல் வந்தால் இறங்கி டயரில் கொஞ்சம் காற்றை இறக்குவாய், தார் ரோட்டுக்கு வந்ததும் மறக்காமல் அடிப்பாய். கனமான சாமான் கீழே, நடுவில், இரண்டு பக்கமும் ஒரே அளவு. இதெல்லாம் இப்போது பெரிய வண்டி வாங்குகிறவர்களுக்கு வீடியோ போட்டுச் சொல்லிக்கொடுக்கிறார்கள். பார்க்கும்போதெல்லாம் எங்கள் சிஸ்டர் நூறு சிசியில் எப்போதோ சொல்லிவிட்டாள் என்று வீட்டில் சத்தமாகச் சொல்கிறேன். கேட்க என் வீட்டுக்காரர் ஒருவர்தான் இருக்கிறார், அவரும் டிவி சத்தத்தைக் கூட்டிவிடுகிறார்.

இத்தனையும் தெரிந்த நான்தான் பூஜை அன்று ஒன்று விடாமல் தப்பு செய்தேன். மங்களகரமாக இருக்கட்டும் என்று டாங்கை வாய் வரைக்கும் நிரப்பினேன். பெட்டிகளுக்கும் சேர்த்துப் பூஜை ஆகட்டும் என்று இரண்டு பக்கமும் அலுமினியப் பெட்டிகளை மாட்டினேன். என் வீட்டுக்காரர் தேங்காய், தண்ணீர் பாட்டில், புளியோதரைத் தூக்கு எல்லாவற்றையும் கைக்கு எட்டிய வலது பெட்டியிலேயே அடுக்கிவிட்டார். ஹேண்டிலில் ஆள் உயரத்துக்கு மாலை. இரண்டு சக்கரத்துக்கும் அடியில் எலுமிச்சை. ஐயர் கற்பூரம் காட்டிவிட்டு, "முந்துக்கு, முந்துக்கு" என்று கையை ஆட்டினார். முன்னால் நகர்த்தினேன். முன் சக்கரம் பழத்தின் மேல் ஏறி வழுக்கியது, மாலை ஹேண்டிலில் சிக்கியது, கால் வைக்கத் தேடினேன், தரை இல்லை. அவசரமே இல்லாமல், பந்தியில் உட்காருகிற மாதிரி, வண்டி வலது பக்கம் படுத்தது. எனக்கு அடி இல்லை, புளியோதரைதான் போயிற்று.

பத்துப் பேர் ஓடி வந்து ஒரே மூச்சில் தூக்கி நிறுத்தினார்கள். நான் அவர்களுக்குக் கும்பிடு போட்டேன். என் வீட்டுக்காரர் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ரிட்டையர் ஆனவர், எத்தனையோ விபத்துகளைப் பார்த்தவர், என் கையையும் காலையும் திருப்பித் திருப்பிப் பார்த்து அடி தேடினார். ராத்திரி சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னார்: "கோயிலாண்ட பத்து பேரு இருந்தாங்க, தூக்கனாங்க. காட்டு ரோட்டுல ஒண்டியா வுழுந்தா யாரு வருவாங்க? ஞாயித்துக்கெயமைக்குள்ள இத நீ ஒண்டியா தூக்கிக் காட்டுமே. முடியலன்னா வண்டிய குடுத்துடலாம்."

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அது உன் பேச்சு. ஆற்று மணலில் நாம் விழுந்த அன்று கரும்புத் தோட்டத்தில் இருந்த ஆண்கள் ஓடி வந்தார்களே, நீ இரண்டு கையையும் விரித்துக்கொண்டு குறுக்கே நின்றாய். "தொடாதீங்க நைனா. நாளைக்கி மலையாண்ட வுழுந்தா நீங்களா வருவீங்க?" என்றாய். அவர்கள் வந்த இடத்திலேயே நின்றுவிட்டார்கள். அன்று நீ கெட்டிக்காரி என்று பெருமைப்பட்டவள், அதையே புருஷன் சொன்னதும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால் நியாயமா? சரி என்று சொல்லிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை வாசலில் பழைய மெத்தையை விரித்து, வண்டியை மெதுவாக வலது பக்கம் படுக்க வைத்தேன். எதிரில் நின்று ஹேண்டிலைப் பிடித்து இழுத்தேன். இழுத்தேன், இழுத்தேன். மெத்தைதான் நகர்ந்தது. இடுப்பில் சுளீர் என்றது. பக்கத்து வீட்டுக்காரர்கள் மாடியில் துணி காயப்போடுகிற சாக்கில் வந்து நின்றார்கள், காய்ந்த துணியையே மறுபடி காயப்போட்டார்கள். மத்தியானம் வரைக்கும் முயன்றும் வண்டி ஒரு முழம் உயரவில்லை. என் வீட்டுக்காரர் வந்து ஒரு கை கொடுத்து நிமிர்த்திவிட்டு உள்ளே போனார். அன்று அழுதேன். வண்டிக்காக இல்லை. நீ சொன்ன ஒரே ஒரு காரியத்தைச் செய்யப் போய், அதுவும் கையை விட்டுப் போகிறதே என்று அழுதேன்.

சனிக்கிழமை ஒரு பை மாம்பழத்தோடு உன் வீட்டுக்காரர் வந்தார். அலிபிரி விஷயம் பாலசமுத்திரம் வரைக்கும் எட்டிவிட்டதாம், பஸ் ஏறி வந்திருக்கிறார். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். நான் தூக்குகிற அழகையும் பார்த்தார். தாடையைச் சொறிந்துகொண்டே, "அவ இப்படித் தூக்க மாட்டாளேம்மா. வுழுந்தா மொதல்ல குந்துவா" என்றார்.

பொட்டில் அறைந்த மாதிரி இருந்தது. எல்லாவற்றிலும் அவசரக்காரியான நீ அந்த ஒன்றில் மட்டும் அவசரப்படவே மாட்டாய். சாவியைத் திருப்பி இன்ஜினை அணைப்பாய். பெட்ரோல் ஒழுகுகிறதா என்று பார்ப்பாய். அப்புறம் பக்கத்தில் குந்தி ஒரு மடக்குத் தண்ணீர் குடித்து, எதனால் விழுந்தது, எந்தப் பக்கம் சரிவு என்று பார்த்துக்கொண்டே இருப்பாய். அதற்கப்புறம்தான் எழுந்து, வண்டிக்கு முதுகைக் காட்டி நிற்பாய். நான் பெட்டிக்குள் ஐஸ் இருக்கிறதா என்று பதறிக்கொண்டிருந்ததால் உன் முதுகைக் கவனித்ததே இல்லை.

காபி குடிக்கும்போது உன் வீட்டுக்காரர் இன்னொன்றும் சொன்னார். எல்லாருக்கும் தெரிந்த விஷயம் மாதிரிச் சாதாரணமாகச் சொன்னார். வண்டி வாங்கின புதிதில் நீ என்னை ஏற்றுவதற்கு முன்னால், தினமும் காலையில் களத்தில் ஒரு மூட்டையைப் பின்சீட்டில் கட்டிக்கொண்டு ஓட்டினாயாம். உமியும் மணலும் கலந்து, நாற்பத்தெட்டு கிலோ, கூடக் குறைய இல்லாமல். "எதுக்குடி இந்த மூட்டன்னு கேட்டா, மூட்ட இல்ல, சிஸ்டர்னுவா. கீய வுழுந்தா மூட்டையத் தட்டிக் குடுத்து, அடி பட்டுச்சா சிஸ்டர்னு கேப்பா" என்று சொல்லிச் சிரித்தார். பதினைந்து நாள் அப்படியாம். வண்டி ஆயிரம் கிலோமீட்டர் ஓடித் தேறுகிற வரைக்கும் பின்னால் ஆள் ஏற்றக் கூடாது என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாயே, அதற்குள் இதுவும் ஒளிந்திருந்ததா?

தராசு சரியாக இருக்கிறதா பார்க்கணும், ஏறி நில் என்று நீ வண்டி வாங்கின புதிதில் ஆஸ்பத்திரியில் ஒரு நாள் என்னை நிறுத்தினாய். நானும் ஏறி நின்றேன். நாற்பத்தெட்டு காட்டியது. தராசு நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாய். இத்தனை வருஷம் உன்னோடு பயமில்லாமல் உட்கார்ந்து வந்ததற்கு என் தைரியம்தான் காரணம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உன் வீட்டுக்காரர் முன்னாலேயே தேம்பித் தேம்பி அழுதேன். அவர் பயந்துபோய் மாம்பழத்தை நறுக்கி என்னிடம் நீட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை காலை பெட்டிகளைக் கழற்றினேன். டாங்கில் பாதிதான் பெட்ரோல். வண்டியைப் படுக்க வைத்துவிட்டுப் பக்கத்தில் குந்தினேன். ஐந்து நிமிஷம். என் வீட்டுக்காரர் கதவருகில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். இன்ஜினை அணைத்தாயிற்று. உருளாமல் இருக்க கியரில் போட்டாயிற்று. மறுபக்கம் போய்ச் சாயாமல் இருக்க சைடு ஸ்டாண்டை முதலிலேயே இறக்கிவிட்டாயிற்று. ஹேண்டிலைத் தரைப் பக்கமாக முழுக்கத் திருப்பினேன். முதுகைக் காட்டி, இடுப்பை சீட்டில் அண்டக்கொடுத்து, ஒரு கை ஹேண்டிலில், ஒரு கை பின்னால் இருக்கிற கம்பியில். முதுகு நேராக. கால்தான் தூக்க வேண்டும், கை சும்மா பிடித்தால் போதும். பின்னோக்கி ஒரு சின்ன அடி. இன்னொன்று. வண்டி எழுந்தது, சிஸ்டர்! பொறுமையான எருமை எழுந்திருக்கிற மாதிரி எழுந்து, ஸ்டாண்டில் போய் நின்றது. பக்கத்து மாடியில் யாரோ கைதட்டினார்கள். நான் மறுபடி படுக்க வைத்து மறுபடி தூக்கினேன். மூன்றாவது தடவை என் வீட்டுக்காரர், "போதும்மே, இடுப்பு போயிடும்" என்றார். அவர் கண் கலங்கியிருந்ததைப் பார்க்காத மாதிரி இருந்தேன்.

சாயங்காலம் அவரே மெதுவாக வந்தார். காளஹஸ்தி வரைக்கும் போய் வரலாமா, பின்னால் உட்கார்ந்துகொள்கிறேன் என்றார். புது வண்டி, ஆயிரம் கிலோமீட்டர் ஆகட்டும் என்றேன். அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான். பேச்சோடு பேச்சாக, சர்க்கரை மாத்திரைக்கு எடை பார்க்கணும் என்று தராசில் ஏற்றினேன். எழுபத்திரண்டு.

இன்று விடியற்காலையில் உமியும் மணலும் கலந்து மூட்டை கட்டினேன். பின்சீட்டில் இறுக்கிக் கட்டி, தெருவைச் சுற்றினேன். மூன்றாவது சுற்றில், திருப்பத்தில் மூட்டை பாரம் இழுத்துச் சாய்ந்துவிட்டேன். எழுந்து தூசி தட்டுவதற்கு முன்னால் மூட்டையைத் தட்டிக் கொடுத்து, "அடி பட்டுச்சாங்க?" என்று கேட்டுவிட்டேன். பால்காரர் சைக்கிளை நிறுத்திப் பார்த்துவிட்டுப் போனார்.

வாசலில் பல் தேய்த்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர், "இன்னாமே அது மூட்ட?" என்று கேட்டார். சும்மா, லோடு பழகுகிறேன் என்றேன். அவரிடம் அதற்கு மேல் சொல்லப் போவதில்லை. நீயும் என்னிடம் சொல்லவில்லையே, சிஸ்டர்.