காய்ச்சல் வராத நாற்பத்தொரு காலைகள்

14 நவம்பர் 1983, திங்கள்

குழந்தைகள் தினம். பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்துவிட்டு, சாயங்காலம் ஸ்டாஃப் மீட்டிங் வைத்து ஆசிரியர்களை வதைத்தார்கள். ஹெட்மாஸ்டர் சூசைமாணிக்கம் சார் ஒன்றரை மணி நேரம் பேசினார். விஷயம் இவ்வளவுதான்: டிசம்பரில் மனித உரிமை நாள் விழா. பேச்சுப் போட்டி உண்டு.

"செல்வமேரி டீச்சர் எழுதிக் குடுத்துருவாங்க" என்றார். என்னைக் கேட்கவில்லை.

எட்டு வருடமாக இதுதான் வழக்கம். நான் எழுதுவேன், பிள்ளைகள் நெட்டுருப் போடுவார்கள். போட்டியன்று நானே நடுவராக உட்கார்ந்து என் பேச்சுக்கு நானே முதல் பரிசு கொடுப்பேன். இதுவரை ஒருமுறைகூடத் தோற்றதில்லை.

இந்த வருடம் தலைப்பு, கடல் கடந்த தமிழர் துயரம். இலங்கையில் ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு பெருமாள்மலை டீக்கடையில்கூட அதே பேச்சுத்தான். "பத்தாப்பு சண்முகசுந்தரி அங்கேருந்து வந்த புள்ளதான? அவளப் பேச வைங்க. தன்னால கண்ணீர் வரும்" என்றார் சார். சுந்தரி என் வகுப்புதான். எஸ்டேட் லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில் இருக்கிறாள். இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து குடும்பத்தை இந்தியாவுக்கு அனுப்பி வைத்தபோது அவளுக்கு நாலு வயது.

இந்தத் தடவை பிள்ளைகளே எழுதட்டும் என்று சொல்லிவிட்டேன். எல்லோரும் கொள்கை என்று நினைத்தார்கள். சோம்பல்தான்.

17 நவம்பர், வியாழன்

வகுப்பில் மனித உரிமைகளைக் கரும்பலகையில் எழுதிப் போட்டேன். ஓய்வு எடுக்கவும் மனிதனுக்கு உரிமை உண்டு என்ற இடம் வந்ததும் சூசைமுத்து எழுந்தான். "டீச்சர், அப்ப கணக்கு பீரியடு?" ஏலே உக்காரு என்றேன். கேள்வி நியாயமானதுதான். கணக்கு டீச்சர் லீமாவோடு ஒரே குவார்ட்டர்ஸில் குடியிருக்கிறேன், வாயைத் திறக்க முடியாது.

பிறகு பேசுவது எப்படி என்று சொல்லிக் கொடுத்தேன். அவையோரே, ஆன்றோரே, சான்றோரே எல்லாம் வேண்டாம். அதை முடிப்பதற்குள் கேட்கிறவர் தூங்கிவிடுகிறார். யாரிடம் கேட்கிறாய், என்ன கேட்கிறாய், அவர் ஏன் தர வேண்டும். இந்த மூன்றும் போதும். ஆகாயத்தைப் பார்த்துப் பேசாதே, தரக்கூடியவர் முகத்தைப் பார்த்துப் பேசு. உரிமையைக் கேட்கும்போது கெஞ்சாதே.

நன்றாகச் சொன்னேன் என்று எனக்கே பெருமையாக இருந்தது. செவ்வாய்க்கிழமை ஒவ்வொருவரும் எழுந்து, இந்த அறையில் இருக்கிற யாரிடமாவது எதையாவது கேட்டுப் பேச வேண்டும்.

22 நவம்பர், செவ்வாய்



முதல் நாலு பையன்கள் ஃபுட்பால் கேட்டார்கள். ஐந்தாவது சுந்தரி. எழுந்து நேராக என் முகத்தைப் பார்த்தாள். நான் சொல்லிக் கொடுத்தபடியே.

"டீச்சர், நான் உங்ககிட்டத்தான் கேக்குறேன். ஜூன்லேருந்து நாப்பத்தொரு காலை எனக்கு ஆப்சென்ட் போட்டிருக்கீங்க. நாப்பத்தொரு நாளும் நான் பிரேயர்ல நின்னேன். அப்புறம் ஊத்துலேருந்து தண்ணி எடுத்து உங்க குவார்ட்டர்ஸ் டிரம்முல ஊத்திட்டு வந்தேன். வாரப்ப மொத பீரியடு முடியப் போகும், நீங்க பேரக் கூப்பிட்டு முடிச்சிருப்பீங்க. நாலு பேர் பாத்த சோலி. மூணு பேர் படிப்ப விட்டுட்டு காரட் பிடுங்கப் போயிட்டாங்க. நானும் சில நாள் காரட்டுக்குப் போனேன், அதுக்கு ஆப்சென்ட் போட்டது சரி. இந்த நாப்பத்தொண்ணும் தப்பு. நீங்க திருத்தணும். ஏன்னா அத எழுதுனதும் நீங்க, அந்தத் தண்ணியில குளிச்சதும் நீங்க."

உட்கார்ந்துவிட்டாள். கெஞ்சவே இல்லை.

சூசைமுத்து கை தட்டினான். மணி அடிக்க இன்னும் பத்து நிமிடம் இருந்தும் நேரம் முடிந்தது என்றேன். அவளுக்குப் பத்துக்கு ஏழு போட்டேன்.

சாயங்காலம் ரிஜிஸ்டரை எடுத்து எண்ணிப் பார்த்தேன். நாற்பத்தொன்று. சரியாக இருக்கிறது. இதனால் பரீட்சைக்குத் தேவையான வருகையில் அவளுக்குப் பதினொரு நாள் குறைகிறது. இப்படியே போனால் மார்ச்சில் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுத விடமாட்டார்கள்.

23 நவம்பர், புதன்

தண்ணீர் கொண்டுவரும் பிள்ளைகளை முதல் பீரியடில் வரச் சொன்ன புத்திசாலி யார் என்று லீமாவிடம் கத்தினேன். முன்பெல்லாம் ஆறரைக்கே வந்து ஊற்றிவிட்டுப் போவார்கள்.

"நீங்கதான் டீச்சர்" என்றாள் லீமா, தோசையைத் திருப்பிக்கொண்டே. "வெள்ளனே வந்து கதவத் தட்டுதுக, ஜெபம் பண்ண முடியலன்னு ஜூன் மாசம் ஹெட்மாஸ்டர்கிட்ட சொன்னீங்கள்ல? அதான் பிரேயருக்கு அப்புறம்னு மாத்துனாரு."

ஜெபமாம். நான் தூங்கிக்கொண்டிருப்பேன்.

குழாய் உடைந்து இரண்டு வருடமாகிறது. டிரம்மில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்ப்பேன். யார் கொண்டுவந்தது, எப்போது கொண்டுவந்தது என்று ஒரு நாளும் பார்த்ததில்லை. இந்த லட்சணத்தில் உரிமைப் பாடம்.

28 நவம்பர், திங்கள்

சாரிடம் போனேன். ரிஜிஸ்டரைத் திருத்தக் கூடாது, ஆடிட்டில் மாட்டுவோம் என்றார். வேறு வழி இருக்கிறது. வருகைக் குறைவை மன்னிக்கச் சொல்லி விண்ணப்பம் போடலாம். காரணம் எழுத வேண்டும், மாணவி கையெழுத்துப் போட வேண்டும். டிசம்பர் பதினைந்தாம் தேதிக்குள் மேலே அனுப்ப வேண்டும்.

"காய்ச்சல்னு போடுங்க டீச்சர். டாக்டர் சர்டிபிகேட் நான் வாங்கித் தாரேன். வெரசா முடிச்சிருவோம்."

எனக்கு அப்பாடா என்றிருந்தது. சார் வாழ்க, காய்ச்சல் வாழ்க.

1 டிசம்பர், வியாழன்

சுந்தரியின் அப்பா மலைச்சாமி வந்தார். நாற்காலி போட்டும் உட்காரவில்லை. மகள் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறாளாம்.

"அங்கிட்டு தோட்டத்துல காலையில பெரட்டுன்னு ஒண்ணு நடக்குமுங்க. ஆள வரிசையா நிக்க வச்சு பேரு கூப்பிடுவாக. நேரங்கழிச்சுப் போனா அரைப்பேருதான், பாதிச் சம்பளந்தான். தொரைமாருக எத்தனையோ அக்கிரமம் பண்ணிருக்காக. ஆனா அவுக வீட்டுக்குத் தண்ணி எடுக்க அனுப்புன ஆளுக்குப் பேரு போடாம விட்டதில்லீங்க."

குத்திக்காட்டிச் சொல்லவில்லை. ஏதோ ஞாபகம் வந்து சொன்னார், அவ்வளவுதான். பிறகு கையைப் பிசைந்துகொண்டு, "காய்ச்சல்னே இருக்கட்டும் டீச்சர். நீங்க சொன்னா கேப்பா. அவ பரிச்ச எழுதுனா போதுங்க" என்றார்.

வெள்ளைக்காரத் துரையைவிடக் கீழே போய்விட்டேன். நல்ல முன்னேற்றம்.

2 டிசம்பர், வெள்ளி

சுந்தரியைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசினேன். எனக்குத் தெரிந்த வித்தையெல்லாம் காட்டினேன். அப்பா முகத்தைப் பார் என்றேன். ஒரு சின்னப் பொய்தானே என்றேன். பரீட்சை எழுதிப் பெரிய ஆளான பிறகு உண்மை பேசிக்கொள் என்றேன்.

"எனக்குக் காய்ச்சல் வரலீங்களே டீச்சர்."

வந்தால்தான் என்ன, வராவிட்டால்தான் என்ன — கத்திவிட்டேன்.

"காய்ச்சல்னா வீட்ல படுத்துக் கெடந்தேன்னு அர்த்தம். நான் வந்தேன். வரலைன்னு நீங்க ஏற்கெனவே எழுதிட்டீங்க. இப்ப நானும் எழுதணுமா?"

பேச்சுக் கலை டீச்சர் தோற்றேன். ஒரு வரியில் தோற்றேன். பிடிவாதக்காரக் கழுதை என்று திட்டி அனுப்பினேன். போன பிறகு அழுகை வந்தது. அவள் மேல் கோபமா, என் மேலா? கெஞ்சாதே என்று சொல்லிக் கொடுத்தவளை முதலில் உதைக்க வேண்டும்.

9 டிசம்பர், வெள்ளி

விழா. கடைசியில் பேச்சை நான்தான் எழுதினேன். சுந்தரி பேச மறுத்துவிட்டாள். "நான் வந்தப்ப நாலு வயசு சார், கப்பல்ல வாந்தி எடுத்தது மட்டுந்தான் ஞாபகம் இருக்கு" என்றாளாம். அதனால் சூசைமுத்து பேசினான். கண்ணுக்குக் கீழே யூகலிப்டஸ் தைலம் தடவிக்கொண்டு மேடையேறி, சொட்டச் சொட்ட அழுதான். சார் நிஜமாகவே அழுதார். விருந்தினர்கள் மூக்கைச் சிந்தினார்கள். முதல் பரிசு, வழக்கம்போல எனக்குத்தான்.

கை தட்டல் நடுவே சுந்தரியைத் தேடினேன். ஹாலில் இல்லை. விருந்தினர் காபிக்குத் தண்ணீர் போதவில்லையென்று அவளை ஊற்றுக்கு அனுப்பியிருந்தார்கள்.

கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறவர்களுக்காக முந்நூறு பேர் அழுகிறோம். ஊற்று அரை மைல் தூரம்.

பரிசுக் கோப்பையை யாரிடம் கொடுத்தேன் என்றே ஞாபகம் இல்லை. வெட்கமாக இருந்தது. இப்போதும் இருக்கிறது.

12 டிசம்பர், திங்கள்

விண்ணப்பத்தில் காரணம் என்ற இடத்தில் நான் எழுதியது:

"மேற்படி நாற்பத்தொரு காலைகளிலும் மாணவி பள்ளிக்கு வந்திருந்தார். நான் உட்பட நான்கு ஆசிரியைகள் குடியிருக்கும் குவார்ட்டர்ஸுக்குத் தண்ணீர் கொண்டுவர அனுப்பப்பட்டார். என் தூக்கம் கெடாமல் இருக்க, அந்த வேலை முதல் பீரியடுக்கு மாற்றப்பட்டது. அவர் வரவில்லை என்று பதிவு செய்தது தவறு. தவறு என்னுடையது."

சுந்தரி இரண்டு முறை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். நன்றியெல்லாம் சொல்லவில்லை. எதற்குச் சொல்ல வேண்டும்?

சாருக்கு வேர்த்துவிட்டது. கொடைக்கானல் டிசம்பரில் ஒரு மனிதனுக்கு வேர்ப்பதை இன்றுதான் பார்த்தேன். "உங்க வேலைக்கு நீங்களே உலை வைக்கிறீங்க டீச்சர்" என்றார். இதில் உங்கள் பெயர் இல்லை சார், என் பெயர் மட்டும்தான் என்றேன். இன்னொரு முறை படித்துப் பார்த்தார். அவர் பெயர் இல்லை என்பது உறுதியானதும் மளமளவென்று சீல் குத்தி அனுப்பிவிட்டார்.

13 டிசம்பர்

வேலை போனால் திண்டுக்கல்லில் அண்ணன் வீட்டுக்குத்தான் போக வேண்டும். அங்கே அண்ணி இருக்கிறாள்.

11 ஜனவரி 1984, புதன்

ஒரு தகவலும் இல்லை. பயந்துபோன சார், தண்ணீர் டியூட்டியை அடியோடு நிறுத்திவிட்டார். குவார்ட்டர்ஸில் என்னைத் தவிர மூன்று பேர், மூன்று பேரும் என்னோடு பேசுவதில்லை. லீமா மட்டும் ஜெபத்தில் என் பேரைச் சொல்கிறாள், சத்தமாக, எனக்குக் கேட்கும்படி.

பெருமாள்மலையில் ஒரு பிளாஸ்டிக் குடம் வாங்கினேன். குடம் இடுப்பில் நிற்க மாட்டேன் என்கிறது. முதல் நாள் வீடு வந்து சேர்ந்தது அரைக்குடம், மீதி என் சேலையில். சுந்தரி இதை ஒரு நாளைக்கு இரண்டு நடை நடந்திருக்கிறாள். எனக்கு ஒரு நடைக்கே முதுகு விட்டுப் போகிறது.

இப்போது எட்டேமுக்காலுக்கெல்லாம் அவள் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறாள். பரீட்சை எழுத விடுவார்களா என்று அவள் கேட்பதில்லை. நான்தான் தினமும் தபால்காரரைப் பிடித்து உயிரை எடுக்கிறேன்.

20 பிப்ரவரி, திங்கள்

வந்துவிட்டது. மாணவி தேர்வு எழுத அனுமதிக்கப்படுகிறார்.

அதே உறைக்குள் எனக்கும் ஒன்று இருந்தது. மாணவியைச் சொந்த வேலைக்குப் பயன்படுத்தியது குறித்து ஏழு நாட்களுக்குள் விளக்கம் தர வேண்டும். என்ன விளக்கம்? ஆம், செய்தேன், என்று எழுதிக் கொடுத்தேன். ஒரு வருடம் இன்க்ரிமென்ட் நிற்கும் என்கிறார் கிளார்க். வேலை இருக்கிறது. அண்ணியிடமிருந்து தப்பித்தேன்.

சுந்தரியிடம் காகிதத்தைக் காட்டினேன். மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு கேட்டாள்: "அன்னிக்குப் பேசுனதுக்கு ஏழு மார்க்குத்தானா டீச்சர்?"

ஒன்பதாக்கினேன். பத்தாவது மார்க் எங்கே என்றாள். டீச்சரை அழ வைத்ததற்குப் பிடித்துக்கொண்டேன் என்றேன். சிரித்தாள். எனக்கு முன்னால் அவள் சிரித்து இதுவரை பார்த்ததில்லை.

28 மார்ச், புதன்

இன்று பரீட்சை ஆரம்பம். பிள்ளைகளைக் கொடைக்கானல் சென்டருக்கு ஏழரை பஸ்ஸில் கூட்டிப் போக வேண்டும். ஆறு மணிக்கே குடத்தோடு ஊற்றுக்குப் போனேன். கோடையில் ஊற்று மெலிந்துவிட்டது, ஒரு குடம் நிறையப் பத்து நிமிடம் ஆகிறது. பதினொரு பேர் முன்னால் இருந்தார்கள். என்னைப் பார்த்ததும் எல்லாரும் ஒதுங்கி, டீச்சரம்மா மொதல்ல புடிக்கட்டும் என்றார்கள். தினமும் நடப்பதுதான். நானும் தினமும் வெட்கமில்லாமல் முன்னால் போய்ப் பிடித்துக்கொண்டு வந்துவிடுவேன்.

இன்று ஊற்றுக்கு நேராக நின்றவர் சுந்தரியின் அம்மா வீரம்மாள். அவர் குடத்தை எடுக்கவில்லை.

"பின்னால நில்லுங்க டீச்சர். எம்மவ பரிச்சைக்குப் போகணும். தலைக்கு ஊத்தி விடணும்."

மற்றவர்கள் பதறிப்போனார்கள். நான் வரிசையின் கடைசிக்குப் போய் நின்றேன்.

என் முறை வரவில்லை. காலிக் குடத்தை அப்படியே வாசலில் போட்டுவிட்டு, முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினேன். சுந்தரி முன் சீட்டில் உட்கார்ந்து மனப்பாடச் செய்யுளை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். கூந்தல் நுனியிலிருந்து இன்னும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் இடம் இருந்தது, உட்காருங்க டீச்சர் என்றாள்.

அவள் குளித்திருந்தாள். நான் குளிக்கவில்லை. கொஞ்சம் தள்ளியே உட்கார்ந்தேன்.