மழைத் தண்ணீரும் பழைய படங்களும்

அப்புத்தளை
19.11.2024

அன்பு மகள் சுஜீவாவுக்கு,

கர்த்தருடைய கிருபையால் நானும் அம்மாவும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், கத்தார் வெயிலில் நீயும் சுகமாக இருக்க வேண்டுமென்று தினமும் ஜெபிக்கிறோம். இங்கே மூன்று வாரமாக மழைதான், துணி காய்வதில்லை. போனில் சொல்லத் தைரியம் வரவில்லை, அதனால் எழுதுகிறேன். நீ விட்டுப்போன கடல்மீன் தொட்டியில் பவளங்கள் எல்லாம் செத்துவிட்டன, இறாலும் நத்தைகளும் அதற்கு முன்பே போய்விட்டன. செம்மஞ்சள் மீன்கள் இரண்டு மட்டும் மிச்சம்.

நீ எழுதிவைத்த தாளில் உள்ளபடிதான் செய்தேன் என்று நினைக்கிறேன். நாற்பது லீற்றர் தொட்டியில் சின்னப் பிழையும் பெரிதாகிவிடும் என்று எழுதியிருந்தாய். காலையில் சூட்டைப் பார்ப்பது, மாலையில் உப்பை அளப்பது, சனிக்கிழமை நாலு லீற்றர் மாற்றுவது, எதையும் தவறவிடவில்லை. ஆவியாகிக் குறைந்ததற்கு உப்பில்லாத தண்ணீரையே ஊற்றினேன், உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும் என்பது நினைவிருந்தது. ஒக்டோபரில் அந்தத் தண்ணீரை எடுக்கும் வடிகட்டி பழுதானது. பைப் தண்ணீரில் குளோரின் இருக்குமே என்று பயந்து கூரையில் வடிந்த மழைத் தண்ணீரைப் பிடித்து, துணியில் வடித்து ஊற்றினேன். நாலாம் நாள் இறால் மல்லாந்து கிடந்தது. அளந்து பார்த்தால் உப்பு சரி, சூடு சரி, சோதனைக் குழாயில் நிறமும் சரி.

பதுளையில் வளர்ப்பு மீன்கடை வைத்திருக்கும் புஹாரியிடம் ஒரு போத்தல் தண்ணீர் கொண்டுபோனேன். வேறொரு மருந்தைச் சொட்டுவிட்டுப் பார்த்தவர், "செம்பு இருக்கு சேர். மேல தேயிலைக்குக் கொப்பர் மருந்து அடிக்கிறாங்கல்ல, கூரையில படிஞ்சிருக்கும். தோட்டத்து ஆபிஸ்ல முப்பது வருசம் இருந்த ஆளுக்கு நான் சொல்லணுமா?" என்று சிரித்தார். எந்தத் தேயிலை மலைக்கு எந்தத் திகதியில் கொப்பர் அடித்தார்கள் என்று பதிவேட்டில் எழுதியவனே நான்தான். மருந்து பம்பின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டேதான் வாளியை வைத்தேன். மீன் அதைத் தாங்கும், பவளம் தாங்காதாம். தண்ணீரை மாற்றிக்கொண்டே வருகிறேன், ஆனால் தொட்டியில் உள்ள கல்லுக்குள் இறங்கிய செம்பு சுலபத்தில் போகாது என்கிறார்.

இதைவிடப் பெரிய பிழை ஒன்று செய்தேன். மூன்று ஞாயிறுகளாக நீ தொட்டியின் படம் கேட்டபோது ஆகஸ்டில் எடுத்தவற்றை அனுப்பினேன். அப்பா நல்லா பாத்துக்கிறீங்க என்று நீயும் எழுதினாய். முந்தாநாள் அம்மா அதைக் கண்டுவிட்டாள். "நாளைக்கு எனக்கு ஒன்னுன்னாலும் புள்ளைக்குப் பழைய படத்தத்தான் அனுப்புவீங்களோ" என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

மீன்களைப் புஹாரி எடுத்துக்கொள்வதாகச் சொல்கிறார். கொடுப்பதா வைத்துக்கொள்வதா என்று நீ சொல், என் முடிவில் எனக்கு நம்பிக்கையில்லை. ஏசி அறையில் கழுத்தைப் போர்த்திக்கொண்டு தூங்கு. வெள்ளிக்கிழமை ஆராதனையை விடாதே. ஆண்டவர் உன்னை ஒரு குறையுமில்லாமல் வைத்திருக்கட்டும்.

இன்று காலை எடுத்த படத்தை ஸ்டூடியோவில் கொடுத்து அச்செடுத்து இதோடு வைத்திருக்கிறேன். தொட்டியில் கல்லும் இரண்டு மீனும்தான் தெரியும். பக்கத்தில் நிற்பது அம்மா. செப்டெம்பரிலிருந்து இளைத்துக்கொண்டே வருகிறாள், டிசம்பர் பன்னிரண்டாம் திகதி ஸ்கேன் எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். அதையும் நான் உனக்குச் சொல்லவில்லை. கூப்பிடும்போது முதலில் அம்மாவிடம் பேசு, அவள் மறைக்க மாட்டாள்.

உன் அப்பா
கபிரியேல்