அவசரத்துக்கு என் எண்

மார்ச் 4, செவ்வாய்

அலுவலகக் கட்டடம் ஒன்றில் லிப்ட் நின்றுவிட்டது. லிப்டைச் சரிசெய்கிறவன் படியேறித்தான் போக வேண்டும். இருபத்தெட்டு வருடமாக இந்த வேடிக்கையைச் சொல்லிச் சிரிக்கிறேன். இன்று சிரிப்பு வரவில்லை. மூன்றாம் மாடித் திருப்பத்தில் நெஞ்சில் யாரோ முழங்காலை வைத்து அழுத்துகிற மாதிரி இருந்தது. கருவிப் பையை இறக்கிவிட்டு உட்கார்ந்தேன். ஐந்து நிமிடத்தில் போய்விட்டது. வாயுதான். வேறென்ன?

மார்ச் 9

மறுபடியும். இம்முறை இடது தாடை வரை வந்தது. உட்கார்ந்தால் போகிறது, ஏறினால் வருகிறது. வாயுவுக்கு மாடிப்படி எப்படித் தெரியும்?

மார்ச் 12

ஆஸ்பத்திரிக்குப் போனேன். இ.சி.ஜி. நன்றாக இருக்கிறது என்றதும் செருப்பைத் தேடினேன். டாக்டரம்மா விடவில்லை.

"இது நீங்க படுத்திருக்கும்போது எடுத்தது. வலி ஏறும்போதுதானே வருது?"

இதயத்துக்கே ரத்தம் கொண்டுபோகும் குழாய்களின் சுவரில் கொழுப்பு வருடக்கணக்காகப் படிந்து வழியைக் குறுக்கிவிடுமாம். சும்மா இருக்கும்போது வருகிற ரத்தம் போதும். ஏறும்போது இதயம் அதிகம் கேட்கும், குறுகிய குழாயால் கொடுக்க முடியாது, வலிக்கும்.

எனக்குச் சுருக்கென்றது. காலி லிப்டை ஓட்டிப் பார்த்துவிட்டு நல்லாயிருக்கு என்று சொல்லாதே, பாரம் ஏற்றிப் பார் என்று எத்தனை பேரைத் திட்டியிருப்பேன்! டிரெட்மில் என்கிற ஓடும் பட்டையில் என்னை நடக்கவிட்டார்கள். நாலாவது நிமிடம் அதே வலி வந்தது, நிறுத்திவிட்டார்கள்.

குழாயில் அடைப்பு எங்கே என்று படமெடுத்துப் பார்க்க அடுத்த வியாழன் ஆஞ்சியோகிராம். "கூட யாரையாவது கூட்டிட்டு வாங்க."

யாரை?

மார்ச் 16

ஒரு தட்டு, ஒரு டம்ளர், உட்கார ஒரு நாற்காலி. இரண்டாவது நாற்காலியில் துணி கிடக்கிறது. இரண்டு நாளாக வாய் திறந்து பேசியது கடைக்காரரிடம் மட்டும்தான் – "சில்லறை இல்லையா?"

அக்காவைக் கூப்பிடலாம். பேசி நாலு வருடம் ஆகிறது. அம்மா உயிர் போய்க்கொண்டிருந்த அன்று அக்கா ஏழு தடவை கூப்பிட்டாள். ஐந்து பேர் லிப்டுக்குள் மாட்டிக்கொண்டு அதே போனில் என்னிடம் கத்திக்கொண்டிருந்தார்கள். அவள் அழைப்பை ஏழு தடவையும் துண்டித்தேன். நான் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. "உனக்கு ஊரான்தான்டா முக்கியம். போ, அவங்களையே பாரு" என்றாள். எனக்கும் ரோஷம் வந்துவிட்டது. அவள் எண்ணை அழித்தேன்.

தப்பு யார்மேல்? ஏழில் ஒன்றையாவது எடுத்து 'வரேன்க்கா' என்று சொல்லியிருக்கலாம்தானே. எடுக்கலையே. எடுக்கலையேடா நீ.

மார்ச் 20, வியாழன்

தனியாகத்தான் போனேன். படிவத்தை நிரப்பிக் கொடுத்துவிட்டு, பச்சை உடுப்பில், கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். நர்ஸ் படிவத்தைப் பார்த்து எண்களை அழுத்தினார். கட்டில் ஓரம் மடித்து வைத்திருந்த என் சட்டைக்குள் போன் அடித்தது.

"ஐயா, அவசரத்துக்குக் கூப்பிடணும்னா யாரைன்னு கேட்டா உங்க நம்பரையே எழுதியிருக்கீங்க. உங்களுக்கு ஏதாச்சும்னா உங்களையே கூப்பிடவா?"

பக்கத்துக் கட்டில்காரர்கூடச் சிரித்தார். நான் பார்த்துக்கொள்ளும் நூற்றுப் பதினாறு லிப்டுகளில் 'அவசரத்துக்கு' என்ற எழுத்துக்குக் கீழே ஒட்டியிருப்பது என் எண். கை அதைத்தான் எழுதும். நானும் சிரிக்கப் பார்த்தேன், கண் கலங்கிவிட்டது.

"வேற நம்பர் சொல்லுங்கய்யா."

போனிலிருந்து அழித்த எண் வாயில் கடைசி இலக்கம் வரை வந்தது. நர்ஸ் அந்த எண்ணைப் போட்டு, போனை என் கையிலேயே கொடுத்துவிட்டார்.

"அக்கா, நான்தான். ஆஸ்பத்திரியில இருக்கேன்."

இந்தத் தடவை அவள் துண்டிக்கட்டும், நியாயம்தான் என்று நினைத்தேன்.

"எந்த ஆஸ்பத்திரி?"

மார்ச் 21

மணிக்கட்டு வழியாகக் கம்பியை விட்டார்கள். வலிக்கவில்லை. திரையில் ஒரு குழாய் ஓரிடத்தில் நூலாகத் தெரிந்தது. பலூனால் விரித்து, மூடிவிடாமலிருக்க ஸ்டென்ட் என்கிற சின்ன வலைக்குழாயை வைத்தார்கள்.

வெளியே வந்தபோது அக்கா நின்றிருந்தாள். முடி முழுக்க நரைத்துவிட்டது. என்னோடு பேசவில்லை, டாக்டரம்மாவைத்தான் குடைந்தாள். "இனிமே சரியாயிடும்ல?"

"அந்த ஓர் அடைப்பைத் திறந்துட்டோம்மா. நோய் அப்படியே போயிடாது. மத்த குழாய்லயும் கொஞ்சம் கொழுப்பு இருக்கு. மாத்திரையைத் தானா நிறுத்தக் கூடாது, சிகரெட்டைத் தொடக் கூடாது, தினம் நடக்கணும். வலி வந்தா நாக்குக்கு அடியில இந்த மாத்திரை. அப்பவும் விடலைன்னா உடனே ஆம்புலன்ஸ்."

அக்கா எல்லாவற்றையும் மருந்து உறையின் பின்னால் எழுதிக்கொண்டாள். பிறகு என்னிடம் முதல் வார்த்தை:

"சிகரெட்டு எங்க வச்சிருக்க? குடு."

ஏப்ரல் 3

அக்கா ஊருக்குப் போய்விட்டாள். அம்மாவைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை. இரண்டாவது நாற்காலி காலியாக இருக்கிறது. துணியை அதில் போட மனம் வரவில்லை.

ஏப்ரல் 8

யாரும் கூப்பிடவில்லை. மாத்திரை போட்டேன்.

மே 6

வேலைக்குத் திரும்பி ஒரு வாரம். மூன்றாம் மாடி வரை நிற்காமல் ஏறினேன். இன்னொரு கட்டடத்துக் காவல்காரர் லிப்ட் கதவு இடிக்கிறது என்று போனில் புலம்பிக்கொண்டிருந்தபோது குறுக்கே இன்னொரு அழைப்பு.

"யாரும் உள்ள மாட்டலையே? அப்ப இருங்க, அக்கா கூப்பிடுது" என்று வைத்துவிட்டேன்.

"மாத்திரை போட்டியா?"

"போட்டேன்க்கா."

"சரி, அவ்வளவுதான்" என்றாள். வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. "அன்னைக்கு அம்மா உன்னைக் கேட்டாங்கடா" என்று ஆரம்பித்தாள். படியிலேயே உட்கார்ந்து முழுக்கக் கேட்டேன்.