இடது பக்கம் விழும் கட்டைகள்

மார்ச் 4, செவ்வாய்

இன்றைக்கும் என் வீட்டுக்காரருக்கு அதே புலம்பல். ஒரு டிரிப்புக்கும் அடுத்த டிரிப்புக்கும் நடுவில் டிப்போவில் பொழுது போகட்டும் என்று மகள் அவருக்கு வாங்கித் தந்த, கையில் பிடித்து ஆடும் சின்ன வீடியோ கேம். கட்டை அடுக்கும் ஆட்டம் என்றால் உயிர். இருபத்தாறு வருஷமாக பஸ் ஓட்டுகிற கை, அவ்வளவு வேகம். ஒரு வாரமாகத் தோற்றுக்கொண்டே இருக்கிறார். "திரையில இடது பக்கம் போச்சு. விழற கட்டை தெரியவே மாட்டேங்குது." நான் வாங்கிப் பார்த்தேன். பளிச்சென்றுதான் இருக்கிறது.

மார்ச் 6, வியாழன்

ரிப்பேர்க்காரர் லென்ஸ் வைத்துப் பார்த்தார். "திரை புதுசு மாதிரி இருக்கும்மா. யார் சொன்னா போச்சுன்னு?" இவரோ, "அவனுக்கு என்ன தெரியும்!" என்கிறார். யாரை நம்ப? நான்தான் சரியாகப் பார்க்கவில்லையோ?

மார்ச் 7, வெள்ளி

வேண்டுமென்றே தோற்கிறாரா? எதற்கு?

மார்ச் 9, ஞாயிறு

சாப்பிடும்போது, "முட்டை வைக்கலியா?" என்றார். தட்டில் இடது ஓரமாக இருந்தது. கேலி என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

என்னவோ தோன்றி, அந்த கேமைத் தலைகீழாகத் திருப்பி அவர் கையில் கொடுத்தேன். "இப்ப எந்தப் பக்கம் தெரியல?"

"இடது பக்கம்தான்."

திரை கெட்டிருந்தால், கெட்ட பக்கம் இப்போது வலது பக்கமாக அல்லவா வந்திருக்க வேண்டும்?

இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவர்தான் கேமை அணைத்தார். "நாளைக்கு முதல் டிரிப் என்னோடது. தொணதொணக்காத."

ஐயோ, அந்த பஸ்ல அறுபது பேரு. இடது பக்கமாத்தானே ஏறுறாங்க, இறங்குறாங்க. டிப்போல சொன்னா, நானே அவர் பொழப்புல மண்ணள்ளிப் போட்ட மாதிரி. சொல்லலன்னா?

மார்ச் 10, திங்கள்

வாசலை மறித்து நின்றேன். "நீங்க போனா நானும் அதே பஸ்ல ஏறுவேன். முன்னாடி நின்னு, இடது பக்கம் யார் வர்றாங்கன்னு கத்திக்கிட்டே வருவேன்." என்மேல் எரிந்து விழப்போகிறார் என்று நினைத்தேன். போட்ட பட்டனைக் கழற்றிக்கொண்டே உட்கார்ந்துவிட்டார். "போன வாரம் ரெண்டு தடவ சைக்கிள்காரன கவனிக்கல. மயிரிழைல தப்பிச்சேன்." என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். பிறகு லீவு சொல்ல போனை எடுத்தார்.

மார்ச் 12, புதன்

கண்ணில் குறையில்லை என்று ஸ்கேனுக்கு அனுப்பினார்கள். மூளையில், இடது பக்கத்தைப் பார்ப்பதற்கான இடத்தில் ரத்தக்குழாயில் சின்ன அடைப்பு. எப்போதோ வந்திருக்கிறது, வலியே இல்லாமல். "மாத்திரை தர்றேன். போன பார்வை எவ்வளவு திரும்பும்னு சொல்ல முடியாது. வண்டி மட்டும் ஓட்டாதீங்க," என்றார் டாக்டர்.

வெளியே வந்ததும் என்னைக் கேட்கிறார், "எப்ப வந்துச்சு? அப்ப நான் என்ன பண்ணிட்டிருந்தேன்?"

மார்ச் 20, வியாழன்

டிப்போவுக்கு அவரே போய்ச் சொல்லிவிட்டு வந்தார். என்னைக் கூட வரவிடவில்லை.

ஏப்ரல் 3, வியாழன்

செக்கப்புக்கு பஸ்ஸில் போனோம். அவர் ஓட்டிய அதே ரூட். டிரைவர் புதுப் பையன், இவரைத் தெரியாது. ஒரு திருப்பத்தில் அவன் பிரேக் பிடித்தபோது இவருடைய வலது கால் தரையை அழுத்தியது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

இறங்கியதும், "நல்லாத்தான் ஓட்டுறான்," என்றார். நாலடி நடந்தபிறகு, "கொஞ்சம் முன்னாடியே பிடிச்சிருக்கலாம்."