தூக்க முடியாத கை

அண்ணே,

இன்று புக்கிட் பாரு ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர் என் வலது கையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து நாடி பார்த்தார். நாடி அடங்கிவிட்டது. விரல்கள் வெளுத்தன. "பிறவியிலேயே கழுத்துல ஒரு விலா எலும்பு அதிகமா இருக்குங்க ஐயா. கையத் தூக்குனா நரம்பும் இரத்தக் குழாயும் நடுவுல மாட்டி நசுங்குது" என்றார். உடனே உன் ஞாபகம்தான் வந்தது. இந்த நோய்க்கு நீ வைத்திருந்த பெயர் வேறு: பாசாங்கு.

ஜப்பான்காரன் காலத்தில் காஜா பெராங் திடலில் காலைதோறும் நம்மை வரிசையில் நிறுத்தி, அவர்கள் சக்கரவர்த்தி இருக்கும் திசைக்குக் குனிய வைப்பார்கள். பிறகு இரு கைகளையும் உயர்த்தி "பன்சாய்" என்று அவருக்கு வாழ்த்துக் கத்த வேண்டும். அவர்கள் கொடுத்த கங்காணிப் பட்டையைக் கையில் கட்டிக்கொண்டு முன்னால் நிற்பாய் நீ. அடேயப்பா, என்ன தொண்டை! மரவள்ளிக்கிழங்கு தின்ற வயிற்றிலிருந்தா அந்தச் சத்தம் வந்தது? என் கை பாதியிலேயே மரத்துக் கீழே விழும். சிப்பாய் பார்ப்பதற்கு முன்னால் நீ ஓடிவந்து அறைவாய். "டேய், நடிக்காதடா! உன்னால என் மானம் போவுது" என்பாய். உனக்கு மானம்! நல்ல வேடிக்கை.

போனவர்கள் பிணமாகும் சயாம் ரயில் பாதை வேலைக்கு வீட்டுக்கு ஒரு ஆள் என்றார்கள். யாரும் கேட்பதற்கு முன்பே, "எங்க வீட்லேர்ந்து கண்டிப்பா ஒரு ஆள் வரும் ஐயா" என்று இளித்துக்கொண்டு என்னை முன்னால் தள்ளினாய். தம்பி உடையான் படைக்கு அஞ்சான் என்பதற்கு நீ கண்ட பொருள் அதுதான். அனுப்பி வைக்கத் தம்பி இருக்கிறான், எனக்கென்ன பயம்? அம்மா உன் கையைப் பிடித்துக் கெஞ்சினாள். "அவன் கைக்கு ஒண்ணும் இல்லம்மா, சோம்பேறித்தனம்" என்றாய்.

ஜப்பான் ராணுவ டாக்டரிடமும் என் நடிப்பை நிரூபிக்க நீயே என் கையைத் தூக்கிக் காட்டினாய். அவர் மணிக்கட்டைப் பிடித்தார். முகம் மாறியது. கையை இறக்கினார், மறுபடி தூக்கினார், மறுபடி பிடித்தார். வேலைக்குத் தேறமாட்டான் என்று என்னை ஒதுக்கிவிட்டு உன்னைப் பார்த்தார். ஆள் வரும் என்று வாக்குக் கொடுத்தவன் நீதானே.

லாரியில் ஏறும்போது அந்தப் பெரிய தொண்டையிலிருந்து சத்தமே வரவில்லை. "அம்மாவப் பாத்துக்கடா" என்று மட்டும் முனகினாய். அதுவும் ஓர் ஏவல்தான். நீ திரும்பி வரவில்லை.

ஆபரேஷன் செய்துகொள்ளச் சொன்னார் டாக்டர். மாட்டேன் என்றுவிட்டேன். உன்னிடமிருந்து என்னைக் காப்பாற்றிய எலும்பு, கூடவே கிடக்கட்டும். கல்யாணம் ஆகாமல் போனவன் நீ. ஆடி அமாவாசையில் உனக்கும் எள்ளும் தண்ணீரும் விடுவது நான்தான். அதற்குக் கையைத் தூக்க வேண்டியதில்லை அண்ணே, தாழ்த்தினால் போதும்.