விழ இடமில்லாத கூடம்

அன்புள்ள அம்மாவுக்கு ஆனந்தவள்ளி எழுதுவது. நான் நலம். உன் முழங்கால் வலி தேவலையா? போனில் பேசினால் அப்பா ஸ்பீக்கரில் போட்டு இலத்தூருக்கே கேட்க வைத்துவிடுகிறார். அதனால்தான் கடிதம்.

சனிக்கிழமை எங்கள் வகுப்பை இங்கே இத்தாலியில் நானூறு வருஷத்துக்கு முன்பு கட்டிய உடற்கூறு கூடத்துக்கு அழைத்துப் போனார்கள். கிணறு மாதிரி ஆழம், அடியில் பிணம் வைக்கும் மேசை, சுற்றிலும் நாம் நிற்க மரப்பலகை அடுக்குகள். அதற்கும் முந்தைய காலத்தில் ஆசிரியர் உயரத்தில் உட்கார்ந்து பழைய நூலை வாசிப்பாராம், வேறொருவர் அறுப்பாராம். வெசாலியஸ் என்ற டாக்டர் தானே இறங்கிக் கத்தியை எடுத்த பிறகுதான், நூலில் பாதி குரங்கையும் மாட்டையும் பார்த்து எழுதியது என்று தெரிந்ததாம்.

எனக்குக் கொஞ்சம் தலை சுற்றியது. பயப்படாதே, விழவில்லை. முன்னால் மார்பளவுக்குத் தடுப்பு, இரண்டு பக்கமும் ஆட்கள்.

"மயங்குனாலும் விழ முடியாதுட்டி. அதுக்குத்தான் இப்படி நெருக்கிக் கட்டிருக்காங்க" என்று பாளையங்கோட்டை நிவேதா சிரித்தாள். நானும் சிரித்தேன். வெளியே போக வழியில்லை.

அம்மா, எட்டு மாதமாக வகுப்பில் நிவேதாதான் அறுக்கிறாள். நான் பக்கத்தில் நின்று புத்தகத்தை வாசிக்கிறேன். இன்னும் ஒருமுறைகூடக் கத்தியைத் தொடவில்லை. அடுத்த மாதத் தேர்வில் நானேதான் அறுக்க வேண்டும்.

நார்த்தங்காய் ஊறுகாய் அனுப்பு, சோறு இறங்க மாட்டேன் என்கிறது. வகுப்புக்கு நேரமாகிவிட்டது. இன்னொன்று, தெரு முக்கில் அப்பா கட்டிய 'டாக்டர் ஆனந்தவள்ளி' பேனரை அவிழ்த்துவிடு. கேட்டால் சாரலில் சாயம் போகிறது என்று சொல்.

உன் மகள்,
வள்ளி