ஸ்டெல்லா ஊதிய கேசட்

1996 அக்டோபர் 12, சனி

மழை வரும்போல. கொடியில் துணி. ஆவடி குவார்ட்டர்ஸ் முழுக்கப் புழுக்கம்.

ஸ்டெல்லாவுக்கு நுரையீரல் சுருங்கிக்கொண்டே வருகிறதாம். மருந்து கொஞ்சம் தள்ளிப்போடும், அவ்வளவுதான் என்றார் டாக்டர். மூச்சுப் பயிற்சிக்கு தினமும் பலூன் ஊத வேண்டுமாம். வழியிலேயே வாங்கினேன். சிவப்பு, பச்சை.

தொடமாட்டேன் என்கிறாள். "கொயந்த இல்லாத ஊட்ல பலூன் இன்னாத்துக்கு?" பாக்கெட்டை எங்கள் கல்யாண போட்டோவுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

ஆனால் டிவி கேம் கேசட்டை மட்டும் எடுத்து, அடியில் உதடு வைத்து ஊதுகிறாள். ஊதிச் செருகினால்தான் படம் வரும். நான் ஊதினால் வராது. டாங்கி ஆட்டம். "பகல் பூரா ஃபேக்டரில நீங்க டாங்கி செய்றீங்க. சாயங்காலம் நான் ஒடைக்கிறேன்."

அக். 20, ஞாயிறு

சர்ச்சில் பூசைக்கு நான் மட்டும். அவளால் படி ஏற முடியவில்லை.

அவள் தம்பி சேவியர் கம்ப்யூட்டர் கொண்டுவந்து மேசையில் வைத்தான். அவன் ஆபீசில் கழித்த பழசு. அக்காவுக்காம்.

"அந்த டிவி கேம் டப்பா எத்தினி நாளைக்கு வரும் மாமா? இதுல ஆட்டம் கீது, டைப் அடிக்கலாம், வுட்ட எடத்துலேர்ந்து திரும்ப ஆடலாம். முக்கியமா, ஊத வேணாம்."

கடைசியில் சொன்னதற்காகவே சரி என்றேன்.

வேண்டியவை: ஸ்டெபிலைசர், துணி உறை, ஃபிளாப்பி. கம்ப்யூட்டர் இருக்கும் அறைக்குள் செருப்பு கூடாதாம். சாமியறைக்குக் கூட இவ்வளவு கெடுபிடி இல்லை.

அக். 28, திங்கள்

நல்ல மழை. கரண்ட் போய் வந்தது. கம்ப்யூட்டர் எழவில்லை. கறுப்புத் திரையில் ஏதோ கேட்கிறது, எதை அழுத்தினாலும் மறுபடி அதையே கேட்கிறது. ஸ்டெல்லா ஆடி விட்ட இடமும் போச்சு. சேவியர் வந்து பார்த்து வைரஸ் என்றான்.

அவளுக்குச் சிரிப்பு. சிரிப்பு இருமலாகி, நெடுநேரம். "என்ன மாரியே அதுக்கும் நோவு வந்துகீது."

டிவி கேம் சுவிட்ச் போட்டதும் ஓடியது. அவள் ஊதிய பிறகுதான்.

நவ. 9, சனி

இன்று ஊதினாள், சத்தமே இல்லை. படம் வரவில்லை. என்னிடம் நீட்டினாள். நான் ஊதியும் வரவில்லை. திரும்ப வாங்கி, கண்ணை மூடி, லேசாக ஊதினாள். வந்துவிட்டது.

"பாத்தீங்களா, இன்னும் கீது."

மூச்சைத்தான் சொன்னாள். சமையலறைக்குப் போய் அழுதேன்.

மண்ணெண்ணெய் வாங்க. ஆக்சிஜன் சிலிண்டர் விசாரிக்க.

நவ. 30, சனி

எழுத ஓடவில்லை. ஸ்டெல்லா போய்விட்டாள். போன வாரம், ஆஸ்பத்திரியில். அடக்கத்தன்று மழை விட்டிருந்தது.

கம்ப்யூட்டரைச் சரிசெய்து தருகிறேன் என்று சேவியர் வந்து வந்து நிற்கிறான். அவனுக்கும் ஏதாவது செய்தாக வேண்டும்போல. எடுத்துப் போகச் சொன்னேன். பலூன்கள் பிரிக்காமலே கிடக்கின்றன.

டிச. 8, ஞாயிறு

எல்லா வீட்டிலும் ஸ்டார் கட்டிவிட்டார்கள். நான் கட்டவில்லை.

டிவி கேம் போட்டேன். ஊதி ஊதிப் பார்த்தேன். வெறும் சாம்பல் திரை. அவள் ஆடியதை இன்னொரு முறை பார்த்தால் போதும் என்றிருந்தது.

டிச. 14, சனி

வெயில். அம்பத்தூரில் ரிப்பேர் கடை. கடைக்காரர் திருகாணியைக் கழற்றி கேசட்டைப் பிரித்தார்.

"யார் சார் ஊதனது? ஊதறதால ஒன்னும் வராது. எடுத்து திரும்ப சொருவறீங்கல்ல, அதுலதான் வருது. மூச்சுல ஈரம் கீது. பாருங்க, பச்ச புடிச்சிகீது."

காட்டினார். செப்புப் பல் வரிசை முழுக்கப் பச்சை. இத்தனை வருடம் அவள் ஊதியது.

"ஸ்பிரிட்ல தொடச்சா புதுசாட்டம் ஓடும்" என்று பஞ்சை நனைத்தார். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"வேண்டாம்பா. அப்படியே மூடிக் குடு."

"ஓடாதே சார்."

"ஓட வேண்டாம்."

பஸ்ஸில் கூட்டம். கேசட்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றேன்.